பெண் கொண்ட வீடு

'பெண் கொண்ட இடம்', 'பெண் கொடுத்த இடம்' என்றுதான் எங்கள் பக்கத்தில் சம்பந்திகளைச் சொல்வார்கள். கொள்வினை கொடுப்பினை உள்ள குடும்பம் என்றால் மேற்கொண்டு விசாரிக்கவே மாட்டார்கள். கல்யாணமாகிப் போன புதிதில், வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் என் மாமியார் என்னைக் காட்டி, "திருவந்திபுரத்துல கொண்டோம்" என்பார். அன்பாகத்தான் சொல்வார். எனக்கோ சுருக்கென்று தைக்கும். தெருக்கோடியில் இருந்தது நேரடி நெல் கொள்முதல் நிலையம். நெல்லுக்கும் அதே சொல், எனக்கும் அதே சொல்லா என்று உள்ளுக்குள் பொருமியிருக்கிறேன். வாய் திறந்து சொன்னதில்லை.

தமிழ் படித்தவள் என்பதால் அந்தப் பொருமல் கூடியதே தவிரக் குறையவில்லை. தொல்காப்பியக் கற்பியலின் முதல் நூற்பாவே கொடு, கொள் என்ற இரண்டு வினைகளை வைத்துத்தான் கல்யாணத்துக்கு இலக்கணம் சொல்கிறது. கொடுக்கிறவர்கள் உண்டு, கொள்கிறவன் உண்டு. பெண் அங்கே செயப்படுபொருள். வகுப்பில் அதை நடத்தும்போதெல்லாம் வேகமாகத் தாண்டிப் போய்விடுவேன்.

என் மகளின் கல்யாணம் திருவந்திபுரத்திலேயே நடந்தது. முகூர்த்த நாளில் அந்தக் கோயில் எப்படி இருக்கும் என்று கடலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். தேவநாத சுவாமிக்கு வேண்டிக்கொண்டவர்கள் எல்லோரும் ஒரே காலையில் வந்து நிற்பார்கள். எந்த மேளம் யாருக்குக் கொட்டுகிறது என்றே தெரியாது. மாப்பிள்ளை வீட்டார் நெய்வேலிக்கு வேலைக்கு வந்து தங்கிவிட்ட தெலுங்குக் குடும்பம். தாலி கட்டி முடித்ததும் மாப்பிள்ளையின் அத்தை ஒரு காதைப் பொத்திக்கொண்டு, மறு காதில் செல்போனை அழுத்திக்கொண்டு, ஊரில் யாருக்கோ உரக்கச் சொன்னார்: "பெள்ளி சேசுகொன்னாரு!"

'கல்யாணம் பண்ணிக்கொண்டார்கள்' என்பதற்கு இதில் ஓர் உறுப்புகூடக் கூடவோ குறையவோ இல்லை. பெள்ளி கல்யாணம், சேசு செய்து, கொன்னாரு கொண்டார்கள். கன்னடத்தில் 'மதுவெ மாடிகொண்டரு' என்பார்கள். அங்கும் அதே வினை. மலையாளத்தில்தான் 'கல்யாணம் கழிச்சு' என்று வேறு வழியில் போய்விடுகிறார்கள். ஆனால் அவர்களும் கொள்ளை விட்டுவிடவில்லை. ஒன்று நன்றாக இருந்தால் 'கொள்ளாம்' என்கிறார்களே, அது இதுதான். தெலுங்கில் 'கொனு' தனியாக வந்தால் இன்று பெரும்பாலும் விலைக்கு வாங்குவது. பர்ரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி (1961, இரண்டாம் பதிப்பு 1984) இவற்றையெல்லாம் ஒரே பதிவில் வரிசைப்படுத்தியிருக்கிறது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. படித்தபோது தேர்வுக்காக அதைப் புரட்டியிருக்கிறேன். அப்போது அது என்னைத் தொடவில்லை.

ஐரோப்பாவிலும் இதற்கு நெருங்கிய கதை ஒன்று உண்டு. ஆங்கிலத்தின் 'ஹேவ்', ஜெர்மனின் 'ஹாபன்', டச்சின் 'ஹெபன்' மூன்றும் ஒரே வினை. இலத்தீனின் 'ஹபேரே'யும் அதே குடும்பம் போலத் தோன்றும். ஒலியும் பொருளும் அவ்வளவு ஒத்துப்போகின்றன. ஆனால் உறவு அதோடு இல்லை. பழைய ககரம் ஜெர்மானிய மொழிகளில் ஹகரமாகத் திரிந்தது என்பது யாக்கோப் கிரிம் 1822இல் வகுத்த விதிகளில் ஒன்று. அந்தக் கணக்கில் ஹாபனுக்கு உண்மையான உடன்பிறப்பு இலத்தீனின் 'கபேரே', அதாவது 'பிடி'. பிடித்தது பிறகு உடைமையானது. நம் கொள்ளும் பற்றுவதில் தொடங்கி, வாங்குவதற்கும் வைத்திருப்பதற்கும் வந்து சேர்ந்த சொல்தான்.

ஆனால் கொள் அங்கேயே நின்றுவிடவில்லை. இன்னொரு வினைக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டு, செய்தவருக்கே அந்தச் செயலைத் திருப்பிவிடும் வேலையையும் எடுத்துக்கொண்டது. பார்த்தான் வேறு, பார்த்துக்கொண்டான் வேறு. பேச்சில் அது 'கிட்டு' ஆகும். வடக்கே போகப் போகக் 'கினு' ஆகும். 'என்னைக் கொண்டார்கள்' என்றால் நான் செயப்படுபொருள். 'கல்யாணம் பண்ணிக்கிட்டேன்' என்றால் நானே எழுவாய். என்னை வருத்திய அதே வினைதான் பின்னால் வந்து நின்று அந்த இடத்தை எனக்குக் கொடுத்தது. எங்கள் சம்பந்தியின் மொழியிலும் அப்படியே. இத்தனை வருஷம் இலக்கணம் நடத்தியும், ஒரு போன் பேச்சைக் கேட்ட பிறகுதான் இது எனக்கு உறைத்தது.

மாமியாரின் 'கொண்டோ'மைப் பற்றியும் அதன் பிறகு யோசித்தேன். சிதம்பரத்துக்குத் தெற்கே ஓடும் கொள்ளிடம், காவிரி தாங்காத வெள்ளத்தைக் கொள்ளும் இடம் என்றே பெயர் பெற்றதாகச் சொல்வார்கள். வீராணம் ஏரியின் கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி என்று மழைக்காலத்தில் செய்தியில் படிக்கிறோம். கொள்வதென்றால் உள்ளே இடம் கொடுப்பதும்தான். நான் பி.எட். படிக்கப் பஸ் பிடித்துப் போய்வந்த காலத்தில் கைப்பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்காமல் பார்த்துக்கொண்டவர் அவர். எந்தப் பொருளை மனதில் வைத்துச் சொன்னார் என்று கேட்க இப்போது அவர் இல்லை.

'கொண்டவன்' என்ற சொல் இன்றும் என் வாயில் வராது. மகளைப் பற்றி யாராவது விசாரித்தால், 'கட்டிக் கொடுத்துட்டோம்' என்று சொல்வதையும் விட்டுவிட்டேன். 'கல்யாணம் பண்ணிக்கிட்டா' என்கிறேன்.