மைசூரில் மலரும் அச்சு முறுக்கு

மைசூருக்கு வருவோர் அரண்மனையைக் கண்டபின் தூய பிலோமினா ஆலயத்தைக் காணச் செல்வதுண்டு. 1933-ஆம் ஆண்டு நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அடிக்கல் நாட்டிய ஆலயம் அது. அதன் இரட்டைக் கோபுரங்களை நிமிர்ந்து பார்ப்போர், டிசம்பர் மாதத்தில் இந்நகரத்துத் தமிழ் அடுக்களைகளையும் சற்று எட்டிப் பார்க்கலாம். பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்தபோது, பாத்திர பண்டங்களோடு பூவடிவ அச்சையும் எடுத்துவந்த குடும்பங்கள் உண்டு.

பச்சரிசி மாவு, தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை, சிறிது எள் ஆகியவையே சேர்மானம். நுட்பமோ அச்சிலேயே இருக்கிறது. காயும் எண்ணெயில் அச்சையும் சூடேற்றாவிட்டால் மாவு அதில் பற்றாது. பற்றவேண்டுமென்று முழுவதும் அமிழ்த்தினாலோ, வெந்த முறுக்கு கழன்று விழாது. முக்கால் பாகம் அமிழ்த்துவதே முறை.

இது கேரளத்தில் அச்சப்பம், இலங்கையில் கொக்கிஸ். அப்பெயர் டச்சு மொழியிலிருந்து வந்தது. சுவீடன், நார்வே நாடுகளிலும் இத்தகைய அச்சுப் பலகாரம் கிறிஸ்துமஸுக்குச் செய்யப்படுகிறது.

இன்று கடைகளில் இது பொட்டலமாகவே கிடைக்கிறது. ஆனால் பாட்டியின் கைப்பதம் பொட்டலத்தில் வராது. அது எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை. பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் பயிலும் பேத்திக்குப் பதம், பக்குவம், சிட்டிகை என்னும் தமிழ்ச்சொற்கள் அடுப்பங்கரையில்தான் கிடைக்கின்றன. பாட்டி ஓய்ந்தபின் அச்சு மிஞ்சும், பதம் மிஞ்சாது.

ஆகவே பெற்றோரே, இவ்வாண்டு மாவு கரைக்கும்போது பிள்ளைகளையும் அழையுங்கள். எண்ணெயருகே நீங்கள் நில்லுங்கள்; பதம் பார்ப்பதை அவர்களிடம் விடுங்கள். முதல் தட்டு பக்கத்து வீட்டுக் கன்னடக் குடும்பத்திற்குச் செல்லட்டும்.