ஒரு பாளை, நான்கு சுவை

மேனாடுகளிலே திராட்சை விளையும் நிலங்களைச் சுற்றிப் பார்ப்பதைத் தனி இன்பமாகக் கொண்டோர் பலர். பிரான்சு தேசத்தின் போர்தோ, அமெரிக்காவின் நாப்பா முதலிய இடங்களில், நண்பர்கள் இருவர் மூவராகச் சேர்ந்து, தோட்டத்துக்குத் தோட்டம் சென்று, ஒவ்வொரு வாய் சுவைத்து, பாற்கட்டியும் பழமும் வாங்கிக்கொண்டு மாலையில் வீடு திரும்புவர். நமது நாட்டில் அத்தகைய இடம் ஏது என்று எண்ணுவோர், வெள்ளவத்தை நிலையத்திலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் புகைவண்டியில் ஒருமுறை ஏறிப் பார்க்கலாம். மொறட்டுவை, பாணந்துறை ஆகியவற்றைக் கடந்து வாதுவை, களுத்துறை என நீளும் அக்கடற்கரை ஒரு மதுத் தேசமே. அங்கே மது கொடியில் விளைவதில்லை. தென்னையின் பாளையில் ஊறுகிறது.

மது என்றதும் முகஞ் சுளிக்கும் தாய்மார் சற்றுப் பொறுத்தருளல் வேண்டும். நாம் குடிக்கப் போகவில்லை. நாம் தேடிச் சென்றது இனிப்பை.

கொட்டாஞ்சேனையில் வாழும் நம் நண்பர் ஒருவர், முப்பது ஆண்டுகள் கணக்கராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெறும்போது கிடைத்த பணத்தைக் கொண்டு வெள்ளவத்தையில் ஒரு சிறு கடை திறக்க அவர் எண்ணங் கொண்டார். பனங்கட்டி, ஒடியல், கித்துட் பாணி, தென்னங்கள்ளில் எடுத்த வினாகிரி எனப் பனை, தென்னை, கித்துள் ஆகிய மூன்று மரங்களின் பொருள்களை மட்டும் விற்கும் கடை. சேமிப்பிற் பெரும்பகுதி அதற்குள் இறங்கவிருந்தமையால் வீட்டு அம்மாவுக்கு உறக்கமில்லை. “மாஸ்டர், நீங்கள் பனையடியிலே வளர்ந்தவர். எது நல்லது, எது போலி என்று உங்கள் நாக்குச் சொல்லும். ஒரு நாள் என்னோடு வாருங்கள்” என்று நண்பர் அழைத்தார். ஆனி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் இருவரும் புறப்பட்டோம்.

வலப்புறம் கடல் கூடவே வர, ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் வாதுவையை அடைந்தோம். அங்குள்ள தென்னந்தோப்புகளைப் பார்த்தோர் மறவார். மரத்துக்கு மரம் உச்சியிலே இரண்டு கயிறுகள் கட்டப்பட்டிருக்கின்றன. கீழ்க்கயிற்றில் கால் வைத்து, மேற்கயிற்றைக் கையாற் பற்றி, சீவல் தொழிலாளி வானத்திலேயே நடக்கிறார். ஒரு மரத்தில் ஏறியவர் பல மரங்களின் முட்டிகளைப் பார்த்த பின்னரே நிலத்துக்கு இறங்குவார். விரியாத பாளையை இறுக வரிந்து கட்டி, நாள்தோறும் மெல்லத் தட்டிப் பதப்படுத்தி, நுனியை மெல்லிய சீவலாகச் சீவினால் சாறு சொட்டத் தொடங்கும். ஒரு மரம் நாளொன்றுக்கு ஒன்றிரண்டு லீற்றர் தரும். சீவுதல் ஒரு நாளும் தவறக்கூடாது. தவறினாற் பாளை வறண்டுவிடும்.

முட்டியுடன் இறங்கி வந்த ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவரிடம் நண்பர் சிங்களத்திற் பேச்சுக் கொடுத்தார். அவர் சிரித்துக்கொண்டே ஒரு சிரட்டையில் இரண்டு வாய் அளவு வார்த்துத் தந்தார். நாக்கில் முதலில் இனிப்பு. அதன் பின்னாலேயே ஒரு சிறு புளிப்பு. மூக்கில் மாவு புளித்த மணம். “மாத்தையா, சாறு வரும்போது தேன்போல இருக்கும். காற்றுப்பட்டவுடன் மாறத் தொடங்கிவிடும்” என்றார் அவர்.

அவர் கூறியதே இப்பொருளின் முழு இரகசியம். காற்றிலும் முட்டியிலும் உள்ள நொதியங்கள் சாற்றின் சர்க்கரையைச் சில மணி நேரத்திலேயே மதுசாரமாக்கத் தொடங்குகின்றன; அதுவே கள். கள்ளைக் காற்றுப்பட வாரக்கணக்கில் வைத்தால், வேறு நுண்ணுயிர்கள் அதனை வினாகிரியாக மாற்றிவிடும். அதற்கு முன்னரே வடிசாலைக்கு அனுப்பினால் சாராயம். முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு தடவிப் புளிப்பைத் தடுத்தால் யாழ்ப்பாணத்தார் கருப்பநீர் என்று கூறும் இனிய பானம் கிடைக்கும். அதைக் காய்ச்சினாற் பாணியும் கட்டியும் ஆகும். கித்துள் சீவுவோர் சுண்ணாம்புக்குப் பதிலாக ‘ஹல்’ என்னும் மரத்தின் பட்டையை இடுவதும் உண்டு. குழந்தைக்குக் கொடுப்பதும், தந்தையார் ஒளித்து அருந்துவதும், அம்மா ஊறுகாய்க்கு ஊற்றுவதும் ஒரே பாளையின் பிள்ளைகளே. வேறுபாடு நேரத்தில் இருக்கிறது, காவலில் இருக்கிறது.

அவருக்கு மைந்தர் இருவர் என்றும், ஒருவர் முச்சக்கர வண்டி ஓட்டுகிறார், மற்றவர் வெளிநாட்டில் வேலை செய்கிறார் என்றும் அறிந்தோம். “எனக்குப் பின் இந்தக் கயிற்றில் நடக்க ஆளில்லை” என்று அவர் சொன்னபோது குரலில் வருத்தமும் இல்லை, குறையும் இல்லை. விழுந்தால் எழ முடியாத தொழில் அது. தம் பிள்ளைகள் நிலத்தில் நடப்பதை அவர் விரும்பியிருக்கலாம்.

அங்கிருந்து பேருந்தேறிக் களுத்துறைக்குச் சென்றோம். களுகங்கைப் பாலத்தருகே போதி மரத்தடியில் வாகனங்களை நிறுத்திப் பயணிகள் காணிக்கை இட்டுச் செல்கின்றனர். மங்குஸ்தான் பழத்துக்குப் பெயர்பெற்ற ஊராகையால் வீதியோரம் ஊதா நிறக் குவியல்கள் இருந்தன. ஒரு கட்டு வாங்கிக்கொண்டோம். பின்னர்ச் சந்தையிற் கித்துட் பாணி தேடினோம். கித்துள் கரையோர மரம் அன்று. உள்நாட்டு மழைக்காடுகளை அண்டிய ஊர்களிலிருந்து பாணி இங்கே வருகிறது. கண்டி இராச்சியத்திற் கைதியாக இருந்து தப்பிய ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், 1681இல் இலண்டனில் வெளிவந்த தம் நூலிலேயே, இம்மரத்தின் சாற்றையும் அதைக் காய்ச்சி எடுக்கும் கட்டியையும் விரித்துரைத்திருக்கிறார்.

ஒரு கடையில் மூன்று போத்தல்கள் எம்முன் வைக்கப்பட்டன. முதலாவது மிக மலிவு; இனிப்பு நாக்கின் நுனியிலேயே நின்றுவிட்டது. இரண்டாவதில் சற்று மணம் இருந்தது. மூன்றாவது முதலாவதைவிட இரு மடங்குக்கு மேல் விலை. ஆனால் அதன் இனிப்பு மெல்ல எழுந்து, அடுப்புப் புகையின் வாசமும், இறுதியில் இலேசான ஒரு கைப்பும் விட்டுச் சென்றது. கடைக்காரர் எம்மை ஒரு கணம் பார்த்துவிட்டு, “வீட்டுக்கா, கடைக்கா?” என்று கேட்டார். கடைக்கு என்றதும் முதலாவது போத்தலை முன்னே தள்ளினார். வேறு விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

ஒரு போத்தல் பாணிக்கு ஏறக்குறைய ஏழெட்டுப் போத்தல் சாறு வேண்டும். அதை மணிக்கணக்கிற் காய்ச்ச விறகும் வேண்டும். அந்தச் சாற்றுக்கு மரமேறியவரின் கூலி வேண்டும். சீனியை நீரிற் கரைத்து நிறமூட்டுவதற்கு இவை எவையும் வேண்டியதில்லை. ஆகவே மலிவான பாணியில் எது இருக்கிறது என்பதை நாக்கு அறியுமுன் கணக்கே சொல்லிவிடும். குளிரில் அடியிற் சீனி படிகிறதா, விரலில் இழுபடுகிறதா என வீட்டார் சோதனை பல கூறுவர். அவை ஆய்வுகூடச் சோதனைக்கு ஈடாகா. கணக்கரான நண்பர் அன்று தம் பழைய கணக்கையே நம்பினார். மூன்றாவது பாணியில் இரண்டு போத்தலும், முதலாவதில் ஒன்றும் வாங்கினார். முதலாவது எதற்கென்று கேட்டோம். “வீட்டிற் காட்டுவதற்கு” என்றார்.

பிற்பகல் வெள்ளவத்தைக்குத் திரும்பி, காலி வீதியில் யாழ்ப்பாணப் பொருள் விற்கும் கடைகளில் ஏறி இறங்கினோம். ஓலைக் குட்டான்களிற் புதுப் பனங்கட்டி வந்திருந்தது. ஒன்றை அவிழ்த்து வாயிலிட்டபோது, பங்குனி வெயிலில் மாங்காய்த் துண்டு போட்டுக் கருப்பநீர் குடித்த முற்றம் நினைவுக்கு வந்தது. ஒடியல், புழுக்கொடியல், பனாட்டு என ஒவ்வொன்றிலும் சிறிது வாங்கினோம். பனையின் 801 பயன்களைப் பாடுவதாகச் சொல்லப்படும் ‘தால விலாசம்’ என்னும் தமிழ் நூலை நண்பருக்குக் கூறினோம். 1978இல் பனை அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்ட செய்தியையும் சொன்னோம்.

அப்பொழுது நண்பர் கேட்டார்: “801 பயனையும் பாடினார்களே, ஏறினவனைப் பாடினார்களா?” நாம் உடனே விடை கூறவில்லை. பனங்கட்டியைப் பொங்கலுக்கும் படையலுக்கும் வைத்த ஊரிலே, அதன் சாற்றை இறக்கிய மனிதர் கோயிலுக்குள்ளும் கிணற்றடிக்கும் வரக்கூடாது என்றிருந்த காலம் நெடுந்தூரத்தில் இல்லை. 1957இல் சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. அதன் பின்னரும் 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்துக்குப் போராடவேண்டியிருந்தது. இனிப்பை ஏற்றுக்கொண்டு கையை விலக்கி வைத்த வழக்கத்துக்கும், ஏறியவரின் கூலியை விழுங்கும் போலிப் பாணிக்கும் தூரம் அதிகமில்லை என்று எமக்குத் தோன்றியது.

மாலையிற் கொட்டாஞ்சேனை வீட்டை அடைந்தபோது நண்பரின் மனைவியார் பிட்டு அவித்து வைத்திருந்தார். இரண்டு கிண்ணங்களில் இரண்டு பாணிகளையும் ஊற்றி, எது எதுவென்று சொல்லாமற் பேரப்பிள்ளைகள் முன் வைத்தோம். மூவரும் மலிவானதையே கேட்டு வாங்கினர். “மற்றது கைக்கிறது, தாத்தா” என்றாள் சின்னவள். ஆச்சி மட்டும் மற்றக் கிண்ணத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். நண்பரின் முகம் வாடிவிட்டது. வாங்குவோரில் ஆச்சிகள் சிலர், பிள்ளைகள் பலர். உண்மைப் பாணியை விற்றாற் கடை நிற்குமா? போலியை விற்றால் மனம் நிற்குமா? சேமிப்பு முழுவதும் அந்த இரண்டு கிண்ணங்களுக்கு நடுவே இருந்தது.

அம்மையார் பிட்டுப் பானையை இறக்கி வைத்துக்கொண்டே சொன்னார்: “ஏன் இப்படி யோசிக்கிறீர்கள்? சீனிப் பாணியும் ஒரு பாணிதானே. சீனிப் பாணி என்று எழுதி ஒட்டி, சீனிப் பாணியின் விலைக்கு விற்றால் அதில் என்ன பாவம்? அதைக் கித்துள் என்று எழுதினால்தான் பாவம். நல்லதைச் சிறு போத்தலில் விடுங்கள். எங்கே சீவியது என்றும் எழுதுங்கள். அண்ணை, நான் சொல்வது சரியா?” சரியென்றோம். அம்மையாரின் தீர்ப்பைக் காட்டிலும் நேரிய வணிக நூல் ஒன்றை நாம் கற்றதில்லை.

போலிப் பண்டத்தைப் பற்றிப் பேசும்போது நாம் விற்பவனை மட்டும் ஏசுகிறோம். பெயர் ஒன்று, பண்டம் ஒன்று என்னும் ஏமாற்றே குற்றம், மலிவு குற்றமன்று. ஏழைக் குடும்பம் பிட்டுக்குச் சீனிப் பாணி ஊற்றுவதில் இழிவில்லை. ஆனால் கித்துள் என்ற பெயரைச் சீனிக்குக் கொடுத்துவிட்டால், கயிற்றில் நடப்பவருக்கு நியாயமான விலை எக்காலத்திலும் கிடைக்காது. அவர் பிள்ளைகள் மரத்தைவிட்டு இறங்கியதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். கடையிற் பாணி வாங்கும் இல்லத்தரசியாரும் மாணவரும் “இது எந்த ஊரிற் சீவியது?” என்று ஒரு கேள்வி கேட்டு வாங்கினால், விற்பவரும் விடை தேடுவார்.

ஆவணியிற் கடை திறந்தது. முதல் மாத முடிவில் எந்தப் போத்தல் கூடுதலாக விற்றது என்று நண்பரை வினவினோம்.

“சீனிப் பாணிதான், மாஸ்டர்” என்றார் அவர். “ஆனால் வாங்கினவர் எல்லோரும் சீனிப் பாணி என்று வாசித்தே வாங்கினார்கள். சிறு போத்தலும் முடிந்துவிட்டது. வருகிற சனிக்கிழமை களுத்துறைக்கு மறுபடி போகவேண்டும்.”