படை கழித்த ஜீப்: புனேயில் வாங்குவதும் இறக்குவதும்

ராணுவம் கழித்துவிட்ட ஜீப் ரக வண்டியைப் புனேயில் வாங்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்வது. மற்றொன்று, இந்திய ராணுவம் ஏலத்தில் விடுவதை எடுப்பது. முதல் வழியைச் சட்டம் ஏறத்தாழ அடைத்துவிட்டது. இரண்டாவது வழியில் இன்ஜினின் நிலையைவிட ஆவணங்களின் நிலையே வண்டியின் தலைவிதியைத் தீர்மானிக்கிறது.

கடல் கடந்து வாழும் தமிழர்கள் பார்த்துப் பழகிய நடைமுறை வேறு. பிரிட்டனில் பாதுகாப்பு அமைச்சகம் கழிக்கும் லேண்ட் ரோவர்கள் வழக்கமாக விற்பனைக்கு வருகின்றன. அமெரிக்காவில் 2014 டிசம்பரில் ஹம்வீ வண்டிகள் பொது ஏலத்துக்கு வந்தன. இறக்குமதியிலும் அங்கே வயது ஏற ஏறக் கெடுபிடி தளர்கிறது. தயாரித்து 25 ஆண்டுகள் நிறைந்த வண்டி, அமெரிக்கப் பாதுகாப்புத் தர விதிகளிலிருந்து விலக்குப் பெறுகிறது.

இந்திய விதி இதற்கு நேரெதிரானது. இறக்குமதியாகும் பழைய வண்டி, பொதுவாகத் தயாரித்து மூன்று ஆண்டுகளைத் தாண்டியிருக்கக் கூடாது. ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். வேகமானி கிலோமீட்டரில் காட்ட வேண்டும். முகப்பு விளக்கின் ஒளி இடப்பக்கப் போக்குவரத்துக்கு ஏற்ப விழ வேண்டும். சுங்க அனுமதிக்கு முன் வண்டி சோதனைக்கும் செல்ல வேண்டும். அந்தச் சோதனைக்குக் குறிப்பிடப்பட்ட அமைப்புகளில் ஒன்று புனேயில் உள்ள இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கமான ஏ.ஆர்.ஏ.ஐ.; மற்றொன்று அகில்யாநகரில் (பழைய பெயர் அகமத்நகர்) உள்ள பாதுகாப்புத் துறையின் வாகன ஆராய்ச்சி நிறுவனமான வி.ஆர்.டி.இ. எந்த ராணுவமும் தன் வண்டியைப் பல ஆண்டுகள் உழைக்கவிட்ட பிறகே விற்கிறது. ஆகவே, கழிக்கப்படும் வண்டி மூன்று ஆண்டு வரம்புக்குள் அடங்குவது அரிது. அமெரிக்க வண்டிக்கு இடப்பக்க ஸ்டீயரிங்கும் ஒரு தடை.

மிகப் பழைய வண்டிகளின் நிலை வேறு. ஐம்பது ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவம் மாறாமல் பராமரிக்கப்படும் வண்டிகளுக்கு 2021இல் தனிப் பதிவு முறை வந்தது. ‘வி.ஏ.’ எழுத்துகள் கொண்ட எண், 20,000 ரூபாய் கட்டணம், பத்தாண்டு செல்லுபடி என்பவை அதன் கூறுகள். கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கே அவ்வண்டியைச் சாலையில் எடுக்கலாம். அன்றாடப் பயணத்துக்கு அனுமதி இல்லை.

பழைய ஜீப் இறக்குமதி இந்திய அரசுக்கே கசப்பான பாடம் கற்றுத் தந்திருக்கிறது. 1948இல் லண்டனில் இந்தியத் தூதராக இருந்த வி.கே. கிருஷ்ண மேனன், புதுப்பிக்கப்பட்ட 2,000 ஜீப்களுக்கு ஒப்பந்தம் செய்தார். வந்து சேர்ந்தவை 155. அவையும் பயன்படுத்தும் நிலையில் இல்லை. அனந்தசயனம் ஐயங்கார் தலைமையிலான குழு இதை விசாரித்தது. 1955இல் அரசு வழக்கை முடித்துக்கொண்டது. வண்டியைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் பணம் கொடுக்கக் கூடாது என்பது தனியாருக்கும் பொருந்தும் பாடம்.

இந்தியாவுக்குள் கிடைப்பவற்றில் முதன்மையானது மாருதி ஜிப்ஸி. 1985இல் அறிமுகமான இந்தப் பெட்ரோல் வண்டி, எடை குறைவானதால் சகதியிலும் மலைப்பாதையிலும் எளிதில் ஏறும். ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையில் நிஸான் உரிமத்தில் உருவான ஜோங்கா, ஏறத்தாழ நான்கு லிட்டர் ஆறு சிலிண்டர் இன்ஜின் கொண்டது. வலிமைக்குக் குறைவில்லை, பெட்ரோல் செலவும் அதற்கேற்ப மிகுதி.

இத்தகைய வண்டிகளைத் தேடப் புனே ஏற்ற இடம்; ராணுவத்தின் தெற்குப் படைப்பிரிவின் தலைமையகம் இங்கேதான். கவச வாகனங்களுக்கான மையக் கிடங்கு புனேயின் கட்கியில் உள்ளது; அருகில் தேஹு ரோட்டிலும் படைக்கலக் கிடங்கு உண்டு. கண்டம் செய்யப்பட்ட ராணுவப் பொருள்கள் பெரும்பாலும் 1964இல் தொடங்கிய எம்.எஸ்.டி.சி. என்ற பொதுத்துறை நிறுவனத்தின் மின்னேலம் வழியே விற்கப்படுகின்றன. வாங்குபவர் பதிவு செய்து, முன்வைப்புத் தொகை கட்டி, குறித்த நாளில் வண்டியை நேரில் பார்த்து, பின்னர் விலை கேட்க வேண்டும். ‘உள்ளது உள்ளபடி, இருக்கும் இடத்திலேயே’ என்பதே விற்பனை நிபந்தனை. எடுத்த பிறகு குறை சொல்ல இடமில்லை. பணம் கட்டி, விடுவிப்பு ஆணை பெற்று, கெடுவுக்குள் வண்டியை அப்புறப்படுத்த வேண்டும்.

பார்வையிடும் நாளில் சேசிஸ் துரு, நாற்சக்கர இயக்கத்துக்கான டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் அச்சு, காணாமற்போன பாகங்கள் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். இன்ஜினை மாற்றிக்கொள்ளலாம் என்று எண்ணுவோர், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி அதற்கு ஒப்புதல் தேவை என்பதை மறக்கக் கூடாது.

அதைவிட முக்கியமான கேள்வி, வண்டி ஓட்டுவதற்காக விற்கப்படுகிறதா, உடைப்பதற்காகவா என்பது. 2023 ஏப்ரல் முதல், 15 ஆண்டு கடந்த அரசு வண்டிகளைப் பதிவு பெற்ற உடைப்பு மையங்கள் வழியே அகற்ற வேண்டும் என்ற விதி நடைமுறையில் உள்ளது. படைப் பயன்பாட்டுக்கான சிறப்பு வாகனங்களுக்கு விலக்கு உண்டு. ஏல அறிவிப்பில் இதைப் பற்றிய வரியைப் படிக்காமல் விலை கேட்பவருக்குக் கிடைப்பது காயலான் கடைச் சரக்குத்தான்.

ராணுவ வண்டிகள் மோட்டார் வாகனச் சட்டத்தின் 60ஆம் பிரிவின்கீழ் தனியே பதிவாகின்றன. படைப் பயன்பாடு முடிந்ததும் பொதுப் பதிவு விதிகள் அவற்றுக்கும் பொருந்தும். புனே நகரில் எம்.எச். 12, பிம்ப்ரி-சிஞ்ச்வடில் எம்.எச். 14 எண்ணைப் பெற, ராணுவ அதிகாரி வழங்கிய மூல விற்பனைச் சான்றிதழான படிவம் 21 இன்றியமையாதது. சான்றிதழிலும் வண்டியிலும் சேசிஸ், இன்ஜின் எண்கள் ஒன்றாகவே இருக்க வேண்டும். இடைத்தரகரிடம் வாங்குவோர் இந்தச் சான்றிதழின் நகலை ஏற்காமல் மூலத்தையே கேட்டுப் பெற வேண்டும். கடைசியாக, ஆலிவ் பச்சை நிறம் ராணுவத்துக்கு மட்டுமே உரியது. மத்திய மோட்டார் வாகன விதி 121 அதைத் தனியாருக்கு மறுக்கிறது. வேறு நிறம் அடித்து, காப்பீடு எடுத்து, சாலை வரி கட்டி, பதிவை முடித்தால், வண்டியைச் சட்டப்படி சாலையில் ஓட்டலாம்.