வெளியூர்ப் பாதரிடம் சொன்ன பாவம்

தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனம் கேட்க எங்கள் கோயிலுக்கு வெளியூரிலிருந்து இரண்டு மூன்று பாதர்மார் வருவார்கள். பங்குச் சுவாமியின் வரிசையில் அம்மம்மாமார் மட்டும்தான் நிற்பார்கள். என் வயதுக்காரர் எல்லாரும் வெளியூர்ப் பாதரிடம்தான். குரலை வைத்து ஆளைப் பிடிக்க மாட்டார் என்ற நம்பிக்கை. நீங்களும் அந்த வரிசையில் நின்றிருந்தால் இப்போது சிரிப்பீர்கள்.

எனக்கு அதற்கு ஒரு காரணம் இருந்தது.

ஏ.எல். படிக்கும்போது எனக்கு ஒரு சிநேகிதி. ரியூசனுக்கு ஒரே சைக்கிளில் போய்வருவோம். அவளுக்கு ஒரு பெடியனைப் பிடித்திருந்தது. அதை என்னிடம் மட்டும்தான் சொன்னாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக என்னோடு கதைப்பதைக் குறைத்துக்கொண்டாள். அந்தக் கோபத்தில் ஒருநாள் ரியூசனில் இன்னொருத்தியிடம் விசயத்தைச் சொல்லிவிட்டேன். அதோடு நிற்கவில்லை. வகுப்புக்கு வருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு அவனோடு ஊர் சுற்றுகிறாள் என்று, நடக்காத ஒன்றையும் சேர்த்துச் சொன்னேன்.

ஒரு கிழமைக்குள் கதை அவள் வீட்டுக்குப் போய்விட்டது. போனைப் பறித்தார்கள். ரியூசனை நிறுத்தினார்கள். வவுனியாவில் பெரியம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். சோதினைக்கு மட்டும் வந்து எழுதிவிட்டுப் போனாள். வவுனியாவுக்குப் போவதற்கு முதல்நாள் என்னிடம் கேட்டாள்.

"ஆரடி சொன்னது?"

"எனக்குத் தெரியாதடி."

வருடத்துக்கு ஒருதடவையாவது பாவசங்கீர்த்தனம் செய்யவேண்டும் என்று 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் சட்டம் வைத்தது. நான் சட்டத்தை மீறவில்லை. மூன்று தவக்காலம் ஒழுங்காகப் போனேன். "பூசைக்குப் போகேல்லை பாதர், அம்மாவோட சண்டை பிடிச்சனான், மற்றாக்களைப் பற்றிக் கதைச்சனான், பொய் சொன்னனான்." ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவேன். அந்தப் பட்டியலுக்குள் அவளை ஒளித்து வைத்திருந்தேன். யாருக்கும் தெரியாது. மூன்று அருள் நிறைந்த மந்திரம் சொல்லச் சொல்வார்கள். சொல்லிவிட்டு வெளியே வரும்போது மனம் பஞ்சு மாதிரி இருக்கும். இரண்டு நாளில் அவளுடைய சைக்கிள் போன்ற ஒரு சைக்கிளைக் கண்டால் போதும், எல்லாம் திரும்பி வந்துவிடும். கடவுள் என்னை மன்னிக்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

பிறகு ஒரு ஆவணியில் மடுவுக்குப் போனோம். ஒல்லாந்தர் காலத்தில் தங்கள் விசுவாசத்தைக் காப்பாற்ற மாந்தையிலிருந்து மாதாவின் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு சனம் காட்டுக்குள் ஓடிய இடம் அது. இப்போதும் அங்கே வருகிறவர்கள் எதையாவது சுமந்துகொண்டுதான் வருகிறார்கள். திருவிழா நேரம் பாதர்மார் ஆளுக்கொரு கதிரையைப் போட்டு பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வயதான ஒரு பாதரின் முன்னால் முழங்காலில் இருந்து என் வழமையான பட்டியலைச் சொன்னேன்.

அவர் மந்திரம் சொல்லச் சொல்லவில்லை. "பொய் எண்டா என்ன பொய், பிள்ளை?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். அழுதுவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இடையில் ஒன்றும் கதைக்கவில்லை. கடைசியில், "அந்தப் பிள்ளையிட்டை இதைச் சொன்னீங்களோ?" என்றார்.

"இல்லைப் பாதர்."

"கடவுள் உங்களை மன்னிக்கிறார். அதில சந்தேகப்படாதேங்கோ. ஆனா அந்தப் பிள்ளைக்கு நீங்கள் செய்தது இன்னும் அப்படியே கிடக்குதல்லோ?"

பாவமன்னிப்புத் தந்து அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து கத்தோலிக்க மறைக்கல்வி நூலைத் தேடி எடுத்துப் பார்த்தேன். 1459ஆம் எண்ணில் அந்தப் பாதர் சொன்னதுதான் இருந்தது. பாவமன்னிப்பு பாவத்தை நீக்கும். ஆனால் அந்தப் பாவத்தால் உண்டான சேதம் எல்லாவற்றையும் அது சரிசெய்துவிடாது. களவெடுத்ததைத் திருப்பிக் கொடுக்கவேண்டும், ஒருவரைப் பற்றி அவதூறு சொல்லியிருந்தால் அவருடைய நற்பெயரை மீட்டுக் கொடுக்கவேண்டும். மறைக்கல்வி வகுப்பில் பரிகாரம் என்று எங்களுக்குப் படிப்பித்தது இதைத்தான். நான் அதை மூன்று மந்திரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டில் பின்னேரம் மூன்று மணிக்கு அம்மம்மா இறை இரக்கச் செபமாலை சொல்லுவா. இயேசுவின் நெஞ்சிலிருந்து சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு கதிர் வருகிற படத்தின் கீழே சின்ன பல்ப் எரியும். அந்தப் பக்தி போலந்தின் புனித பவுஸ்தினாவிடமிருந்து வந்தது. மடத்தில் சமையலும் தோட்டமும் பார்த்து, வாசற்கதவைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்த அருட்சகோதரி. 1938இல் காசநோயால் இறந்தபோது வயது 33. தன் நாட்குறிப்பில் அவர் எழுதிவைத்த ஒரு விசயம் என்னை நிற்கவிடவில்லை. இரக்கத்தைக் கேட்டால் மட்டும் போதாது, செயலாலும் சொல்லாலும் செபத்தாலும் அதை அயலவருக்குக் கொடுக்கவும் வேண்டும் என்று இயேசு தனக்குச் சொன்னதாக எழுதியிருக்கிறார். நான் கெடுத்தது சொல்லால். திருத்தப் பார்த்தது செபத்தால் மட்டும்.

அம்மம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து சொல்லும்போதுதான் இன்னொன்றையும் கவனித்தேன். அந்தச் செபமாலையில் இரக்கம் கேட்கிற வரி ஐம்பது தடவை வரும். ஒரு தடவைகூட "எனக்கு" என்று வராது. எங்களுக்கும் முழு உலகத்துக்கும் சேர்த்துத்தான் கேட்கிறோம். நான் மூன்று வருடமாக எனக்கு மட்டும் கேட்டிருக்கிறேன்.

அவளுக்கு வட்ஸ்அப்பில் எழுதி எழுதி அழித்தேன். கடைசியில் கோல் எடுத்தேன். நான் சொல்லி முடிக்கும்வரை ஒன்றும் கதைக்கவில்லை.

"எனக்கு அப்பவே தெரியும்," என்றாள். "நீயா வந்து சொல்லுவாய் எண்டு கனநாள் பாத்தனான். பிறகு விட்டிட்டன்."

மன்னிப்பாயா என்று கேட்டேன். "அது இப்ப சொல்ல ஏலாது. நீ முதல்ல அம்மாட்டைப் போய்ச் சொல்லு. நான் ஊர் சுற்றேல்லை எண்டு சொல்லு. நான் சொல்லி அவ நம்பேல்லை."

அந்த வீட்டுப் படலையைத் திறக்க எனக்கு இரண்டு கிழமை எடுத்தது. அன்ரி முற்றம் கூட்டிக்கொண்டிருந்தா. நின்றபடியே சொன்னேன். விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு, கனநேரம் என்னைப் பார்த்தா. "இப்ப வந்து சொல்லிறாய், பிள்ளை," என்றா. ஏசவில்லை. தேத்தண்ணி தரவும் இல்லை. நான் படலையடிக்கு வரும்போது பின்னால் அவவின் குரல் கேட்டது. மகளோடு போனில் கதைக்கத் தொடங்கியிருந்தா. அழுதுகொண்டிருந்த மாதிரி இருந்தது. நான் நின்று கேட்கவில்லை.

அவள் இன்னும் என்னை மன்னித்ததாகச் சொல்லவில்லை. சொல்லாமலே விடலாம், அது அவளுடைய உரிமை. கடவுளின் மன்னிப்பைக் காட்டி அவளிடம் கடன் கேட்க முடியாது. ஆனால் கடவுள் என்னை மன்னிக்கவில்லை என்று இப்போது நான் நினைப்பதில்லை. மூன்று வருடமாக அவர் என்னை அந்தப் படலையடிக்குத்தான் அனுப்பிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

இந்தத் தவக்காலம் நான் பங்குச் சுவாமியின் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் அம்மம்மா நின்றா. திரும்பிப் பார்த்து, "வெளியூர்ப் பாதர் அங்கால இருக்கிறார்," என்றா.

"தெரியும் அம்மம்மா," என்றேன்.