மரத்துக்குக் குறி போட வந்த துப்பாக்கி

உங்கள் வீட்டில் 14, 15 வயதில் ஒரு பிள்ளை இருந்தால், 'பெயிண்ட்பால்' என்ற சொல் என்றாவது ஒரு நாள் உங்கள் காதில் விழத்தான் செய்யும். பள்ளி முகாம் என்பார்கள். தொழிற்சாலையில் குடும்ப தினம் என்பார்கள். இரண்டு கட்சியாகப் பிரிந்து, சாயம் நிறைந்த சிறு உருண்டைகளை ஒருவர்மேல் ஒருவர் சுட்டுக்கொள்ளும் விளையாட்டு அது. உருண்டை மேலே பட்டு உடைந்து சாயம் ஒட்டிவிட்டால் அந்த ஆள் ஆட்டத்தை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். சத்தம் உண்டு, ஓட்டம் உண்டு, சேறு உண்டு. பிள்ளைகளுக்கு வேறென்ன வேண்டும்?

எங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு வந்தது. பேரன் முகாமுக்குப் போகப் பெற்றோர் சம்மதத் தாளைக் கொண்டுவந்து நீட்டினான். அவன் அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். தாளை வாங்கிப் பார்த்த என் மனைவி, "ஏங்க, துப்பாக்கியைக் கொடுத்து மனுஷன் மேலேயே சுடச் சொல்லுறாங்களாமே! இதுவும் ஒரு விளையாட்டா?" என்று கேட்டாள். "பாட்டி, அது துப்பாக்கி இல்லே, மார்க்கர்" என்றான் பையன். அவளுக்கு அது சமாதானமாகப் படவில்லை.

அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. சிம்பாங் பூலாயிலும் சுற்று வட்டாரத்துத் தோட்டங்களிலும் வளர்ந்த எங்கள் தலைமுறைக்குத் துப்பாக்கி என்றால் அவசரகாலம்தான். 1948 ஜூன் 16ஆம் தேதி, ஈப்போவுக்கு வடக்கே சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதை ஒட்டி அவசரகாலம் பிறந்தது. 1960 ஜூலை 31இல்தான் முடிந்தது. அந்த 12 ஆண்டுகளில் கிந்தா பள்ளத்தாக்கில் எத்தனை புதுக்கிராமங்கள்! எத்தனை தோட்டங்களில் லயத்தைச் சுற்றி முள்கம்பி! வெட்டுக்குப் போகும்போது கேட்டில் தூக்குச் சட்டியைத் திறந்து காட்ட வேண்டும், காட்டுக்குள் ஒரு பிடி சோறு போய்விடக் கூடாது என்று என் அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவள் பேரன் கையில் துப்பாக்கியைப் பார்க்கச் சம்மதிப்பாளா?

அதனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்பு, இந்தப் பொருள் எங்கிருந்து வந்தது, யார் செய்தார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க எனக்கே வியப்பாகிவிட்டது. போர்க்களத்திலோ போலீஸ் நிலையத்திலோ பிறந்த பொருளாக இருக்கும் என்றல்லவா நினைப்போம்? அது பிறந்தது மரக்காட்டில்!

தோட்டத்தில் மரத்துக்குப் பெயிண்ட் குறி போடுவது நமக்குத் தெரியாததல்ல. வெட்டித் தள்ள வேண்டிய மரம், பால் நின்றுபோன மரம், நிரையின் கடைசி மரம், எல்லாவற்றுக்கும் ஓர் அடையாளம் உண்டு. பெயிண்ட் டின்னையும் தூரிகையையும் தூக்கிக்கொண்டு நிரை நிரையாக நடந்தவர்களைக் கேட்டால் கைவலியைச் சொல்வார்கள். ரப்பர் மரமாவது வரிசையில் நிற்கிறது. அமெரிக்காவின் பெருங்காடுகளில் மரம் அப்படியா நிற்கும்? ஓடைக்கு அந்தப் பக்கம் ஒன்று, முள்புதருக்குள் ஒன்று, பள்ளத்தில் ஒன்று என்று நிற்கும். ஒவ்வொன்றிடமும் போய்க் குறி போட்டு வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த நெல்சன் பெயிண்ட் கம்பெனி மரத்துக்குக் குறி போடும் பெயிண்ட்டைத் தயாரித்து வந்தது. இருந்த இடத்திலிருந்தே தூரத்து மரத்தில் குறி விழும்படி செய்ய முடியாதா என்று அவர்கள் யோசித்ததுதான் இந்தக் கதைக்குத் தொடக்கம். காற்றுத் துப்பாக்கி செய்யும் கிராஸ்மன் கம்பெனி முதலில் 707 என்ற எண்ணில் ஒன்றைச் செய்தது. பின்னர் டெய்சி கம்பெனி நெல்சனுக்காகச் செய்து கொடுத்ததுதான் 'நெல்ஸ்பாட் 007'. அதை வடிவமைத்தவர் டெய்சியில் வேலை செய்த ஜேம்ஸ் ஹேல். சோடா தயாரிக்கப் பயன்படும் சிறு இரும்புக் குப்பியைப் போன்ற 12 கிராம் கரியமில வாயுக் குப்பிதான் அதற்கு உந்து சக்தி. வனக்காவலர்கள் மரத்தைக் குறித்தார்கள். மாட்டுப் பண்ணைக்காரர்கள் மந்தையில் பிரிக்க வேண்டிய மாட்டைக் குறித்தார்கள். கையில் மாடு வளர்த்தவர்களுக்குத் தெரியும், முட்டுகிற மாட்டுக்குப் பக்கத்தில் போய்ப் பெயிண்ட் பூசுவது எவ்வளவு சுகமான வேலை என்று!

துப்பாக்கியை விட அந்த உருண்டைதான் எனக்குப் பெரிய விஷயமாகத் தோன்றியது. மருந்துக்கடையில் வாங்கும் மீன் எண்ணெய் மாத்திரையை விரலால் அழுத்திப் பார்த்திருப்பீர்கள். மேலே மெல்லிய, வழுவழுப்பான தோல், உள்ளே எண்ணெய். டெட்ராய்ட் நகரத்தைச் சேர்ந்த ராபர்ட் ஷெரர் என்பவர் 1930களில் அந்த வகை மாத்திரையை ஓயாமல் வார்த்துத் தள்ளும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தார். சுழலும் இரண்டு உருளைகளுக்கு நடுவே இரண்டு ஜெலட்டின் பட்டைகள் ஓடும். உருளையில் உள்ள குழியில் அவை சேர்ந்து ஒட்டும் அதே நொடியில் உள்ளே மருந்து நிரம்பிவிடும். மருந்துக்குப் பதில் சாயத்தை நிரப்பினால் சாய உருண்டை. ஷெரர் பெயரில் இருந்த நிறுவனமே பின்னாளில் அதையும் தயாரித்தது. நோயாளிக்காக வந்த நுட்பம் மரத்துக்குப் போய், மரத்திலிருந்து விளையாட்டுக்கு வந்திருக்கிறது.

விளையாட்டாக மாறிய கதை இன்னும் சுவையானது. நியூயார்க்கில் பங்குச் சந்தையில் வேலை பார்த்த ஹேய்ஸ் நோயல் என்பவருக்கும், நாட்டுப்புறத்தில் வாழ்ந்த எழுத்தாளர் சார்லஸ் கெய்ன்ஸ் என்பவருக்கும் ஒரு வாக்குவாதம். காட்டில் தனியே விடப்பட்டால் பிழைத்து வருபவன் யார், பட்டணத்துக்காரனா, காட்டுப் பழக்கம் உள்ளவனா? நம் கோப்பிக் கடைகளிலும் நடக்கும் வாதம்தான், தீர்வு காணாமல் போகும். அவர்களுக்கோ விவசாயச் சாமான்கள் விற்கும் பட்டியல் புத்தகம் ஒன்றில் நெல்ஸ்பாட் கண்ணில் பட்டது. பாப் கர்ன்சி என்ற நண்பரையும் சேர்த்துக்கொண்டு விதிகளை வகுத்தார்கள்.

1981 ஜூன் 27ஆம் தேதி, நியூ ஹாம்ப்ஷையர் மாநிலத்தில் ஹென்னிக்கர் என்ற ஊருக்கு அருகே ஒரு காட்டில் 12 பேர் இறங்கினார்கள். கட்சி கிடையாது, ஆளுக்கு ஆள் எதிரி. நான்கு இடங்களில் நான்கு நிறக் கொடிகள். மேலே சாயம் படாமல் நான்கையும் எடுத்துக்கொண்டு முதலில் வெளியே வருபவர் வென்றவர். வென்றவர் யார் தெரியுமா? ரிச்சி ஒயிட் என்ற மரக்காட்டுத் தொழிலாளி. தினமும் காட்டில் மரத்தோடு பழகுபவர். அதைவிட வேடிக்கை, அவர் ஒரு குண்டு கூடச் சுடவில்லை! எந்தப் புதர் மறைக்கும், எந்தச் சருகு சத்தம் போடும் என்பதெல்லாம் அவருக்குப் பாடம். பால் வெட்டப் போனவர்கள் இதைப் படித்துச் சற்று நெஞ்சை நிமிர்த்திக்கொள்ளலாம்.

கர்ன்சி இதை ஒரு தொழிலாகவே நடத்தத் தொடங்கினார். அப்போதெல்லாம் ஒரு முறை சுட்டால், அடுத்த உருண்டைக்குக் கையால் இழுத்துத் தள்ள வேண்டும். உருண்டைக்குள் இருந்ததோ மரத்துக்கான எண்ணெய்ப் பெயிண்ட். துணியிலும் தோலிலும் பட்டால் டர்பன்டைன் ஊற்றித்தான் தேய்க்க வேண்டும். அப்படியே இருந்திருந்தால் எந்தத் தாய் பிள்ளையை அனுப்பியிருப்பாள்? தண்ணீரில் போகும் சாயம் வந்த பிறகுதான் குடும்பங்கள் பக்கத்தில் வந்தன.

கருவியைத் திருத்தியவர்களில் பலர் தத்தம் பட்டறையில் கடைசல் இயந்திரத்தின் முன்னால் நின்று கை கறுத்தவர்கள். இண்டியானா மாநிலத்து டென்னிஸ் டிப்மன், நிஜ இயந்திரத் துப்பாக்கிகளைப் பாதி அளவில் செய்து விற்றவர். 1986இல் அமெரிக்கச் சட்டம் அத்தகைய புதிய துப்பாக்கிகளைப் பொதுமக்களுக்கு விற்கத் தடை போட்டதும், பட்டறையைச் சாய உருண்டைப் பக்கம் திருப்பினார். தடை வந்ததால் உயிர்க்கொல்லி செய்த கை விளையாட்டுச் சாமான் செய்தது; எனக்கு இதில் மகிழ்ச்சிதான்.

கலிபோர்னியாவில் கிளென் பாமர், பட் ஓர் என்று இரண்டு கைத்தொழில் வல்லவர்கள். ஆட்டக்காரன் கை செய்த இழுத்துத் தள்ளும் வேலையை, உந்தும் வாயுவில் ஒரு சிறு பங்கைப் பிரித்து ஒரு குட்டி உருளைக்குள் அனுப்பி, அதையே இழுக்கவும் தள்ளவும் வைத்தார்கள். பட் ஓர் செய்த 'ஆட்டோகாக்கர்' 1990களில் பெரும் பெயர் எடுத்தது. அதே காலத்தில் 'ஆட்டோமேக்' என்ற போட்டிக் கருவியைச் செய்தவர் டாம் கே. இவரை மறக்க முடியாது. பின்னாளில் அவர் டைனோசர் எலும்பு ஆராயப் போய்விட்டார்! 2008இல் அவரும் இன்னும் இருவரும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, டைனோசர் எலும்புக்குள் கிடைத்த மென் திசு என்று சொல்லப்பட்டது கிருமிகள் உண்டாக்கிய படலமாக இருக்கலாம் என்று வாதிட்டது. அதன் பிறகு மின்சாரத்தால் இயங்கும் கருவிகளும், காப்புரிமைச் சண்டைகளும், வழக்குகளும் வந்தன. அவற்றை வக்கீல்களுக்கே விட்டுவிடுவோம்.

இந்தக் கருவிகளுக்குள் வாயு கசியாமல் காப்பது சின்னச் சின்ன ரப்பர் வளையங்கள். ஆசையோடு விசாரித்தேன், நம் மரத்துப் பால்தானா என்று. பெரும்பாலும் இல்லையாம், எண்ணெய்க்கு ஈடு கொடுக்கும் செயற்கை ரப்பராம். நம் விலையைக் கெடுத்த அதே சரக்கு!

நம் நாட்டிலும் இந்த விளையாட்டுக்கு இடம் உண்டு. 2010களில் லங்காவித் தீவில் ஆசிய உலகக் கிண்ணப் போட்டிகளே நடந்திருக்கின்றன. ஆனால் ஒன்றைப் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்லுங்கள். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் 'ஆயுதம்' என்பதற்குள் காற்றுத் துப்பாக்கியும் அடங்கும். ஏதோ கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி வீட்டில் வைக்கிற சாமான் அல்ல அது. அனுமதி பெற்ற திடலில், அவர்கள் கொடுக்கும் கருவியோடு விளையாடிவிட்டு, அங்கேயே வைத்துவிட்டு வர வேண்டும்.

இனி, என் மனைவியின் கேள்விக்கு வருகிறேன். அந்த உருண்டை 17 மில்லிமீட்டர் குறுக்களவு, ஏறக்குறைய 3 கிராம் எடை. பொதுவான விதிப்படி அதன் வேகம் நொடிக்கு 300 அடியைத் தாண்டக் கூடாது. அதுவே மணிக்கு 329 கிலோமீட்டர் ஆகிறது! தொடையிலோ முதுகிலோ பட்டால் சுளீரென்று ஒரு வலி, மறுநாள் ஒரு கன்றிய தழும்பு. கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும். முதல் ஆட்டத்துக்காரர்கள் பட்டறையில் போடும் சாதாரணக் கண்ணாடியைத்தான் போட்டுக்கொண்டார்கள். மோட்டார் சைக்கிள் பந்தய வீரர்களுக்குக் கவசம் செய்துவந்த ஜேடி கம்பெனி போன்றவை, கண்ணோடு முகத்தையும் காதையும் சேர்த்து மூடும் முகமூடியைப் பின்னர் செய்தன. என்னைக் கேட்டால், இந்த விளையாட்டை உண்டாக்கியவர்கள் வரிசையில் அந்த முகமூடி செய்தவர்களுக்குத்தான் முதல் நாற்காலி. மோசமான கண் காயங்களில் பெரும்பாலானவை முகமூடி போடாதவர்களுக்கும், வியர்க்கிறது, ஆவி படிகிறது என்று நடுவில் கழற்றியவர்களுக்கும்தான் நேர்ந்திருக்கின்றன. நம் ஊர்ப் புழுக்கத்தில் கழற்றத்தான் தோன்றும், அதனால்தான் சொல்கிறேன்.

இவற்றையெல்லாம் அவளிடம் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு, "அந்த முகமூடி நல்லதா இருக்கான்னு யாரு பார்க்கிறது?" என்றாள். மகள் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே, முகாம் நடத்தும் ஆசிரியரை நான் நேரில் போய்ப் பார்த்தது அந்தக் கேள்வியால்தான்.

நீங்களும் கேளுங்கள். முகமூடி முகம் முழுவதையும் மூடுகிறதா, கண்ணாடியில் கீறலோ வெடிப்போ இருக்கிறதா? ஆட்டத்துக்கு முன்பு ஒவ்வொரு கருவியின் வேகத்தையும் அளக்கும் கருவி திடலில் இருக்கிறதா? ஆட்டம் இல்லாத நேரத்தில் குழாய் வாயில் அடைப்போ உறையோ போடுகிறார்களா? உருண்டை எப்போது வாங்கியது? ஜெலட்டின் ஈரத்தை இழுக்கும். நம் மழைக்காலத்தில் திறந்து வைத்த உருண்டை ஊதி, கோணலாகி, குழாய்க்குள்ளேயே உடையும். ஜெலட்டின் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுப்பது. அது வேண்டாம் என்பவர்கள் எதில் செய்தது என்று கேட்டுக்கொள்ளலாம்.

முழுக்கைச் சட்டையும் நீளக் காற்சட்டையும் போட்டு அனுப்புங்கள். திரும்பி வந்ததும் துணியைக் காயவிடாமல் அன்று மாலையே பச்சைத் தண்ணீரில் அலசிவிட்டால் சாயம் போய்விடும். சட்டைப்பையில் மிச்ச உருண்டைகள் கிடந்தால் வாசலில் எறியாதீர்கள். இனிப்பாக இருக்கிறது என்று நாய் தின்னும். நிறையத் தின்ற நாய் நடுங்கி விழுந்துவிடும், மாட்டு வைத்தியரிடம்தான் ஓட வேண்டிவரும்.