பூதலூரில் அரிசி செல்லாது!

திருச்சியில் தஞ்சாவூர் பாசஞ்சரைப் பிடித்தால், திருவெறும்பூரில் கூட்டம் இறங்கியதும் ஜன்னல் சீட் நிச்சயம். பூதலூர் நெருங்க நெருங்க வெளியே பச்சை கூடிக்கொண்டே போகும். கல்லணைத் தண்ணீர் பாய்கிற பூமி. காலையில் இட்லி, மத்தியானம் சோறு, ராத்திரி பழைய சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி வைப்பது என்று வாழ்க்கையே நெல்தான்.

பூண்டி மாதா கோயிலுக்கு ரயிலில் வருகிறவர்கள் இறங்குவதும் இங்கேதான். திருக்காட்டுப்பள்ளி வழியாகப் போக வேண்டும். கூட வந்த என் ஆபீஸ் நண்பனுக்குச் சொந்த ஊரே இந்தப் பக்கம். கத்தோலிக்கக் குடும்பம். ஒன்பது வயது மகளுக்குப் ‘புது நன்மை’ வருகிறது. முதன்முதலாக நற்கருணை வாங்குவதற்கு அவர்கள் வைத்திருக்கும் அழகான பெயர்.

ஆனால் குழந்தைக்குக் கோதுமை ஆகாது. சீலியாக் நோய். கோதுமையில் இருக்கும் க்ளூட்டன் துளி போனாலும் குடல் கெடும். “எல்லாரும் வாங்கும்போது நான் மட்டும் சும்மா நிக்கணுமாப்பா?” என்று கேட்டிருக்கிறது.

நண்பனின் அம்மா என்னிடமே வழக்குத் தொடுத்தார். “முப்போகம் விளைஞ்ச மண்ணு தம்பி இது. நம்ம அரிசியில ஒரு அப்பம் சுட்டுக் குடுத்தா சேசுநாதர் வேண்டாம்னா சொல்லுவாரு?”

நியாயம்தானே? நமக்கு அப்பம் என்றால் பச்சரிசி, வெல்லம், நெய். பைபிளில் அப்பம் என்றால் ரொட்டி. அங்கேதான் சிக்கல்.

பூண்டியில் மரத்தடியில் ஒரு வயதான ஃபாதர் அகப்பட்டார். திருயாத்திரைக்கு வந்தவர். விளக்கினார். 1983-ம் வருஷத்துத் திருச்சபைச் சட்டம், பிரிவு 924: அப்பம் சுத்தக் கோதுமையில், புதிதாகச் செய்ததாக இருக்கணும். கோதுமை மாவும் தண்ணீரும்தான், உப்புகூடக் கிடையாது. சூடான இரண்டு இரும்புத் தட்டுக்கு நடுவே கரைத்த மாவை ஊற்றிச் சுட்டு, வட்ட வட்டமாக வெட்டுவார்கள்.

“மாவு புளிச்சிருந்தா?”

“நம்ம லத்தீன் முறையில தப்பு. ஆனா பூசை செல்லும்.”

“அரிசி மாவா இருந்தா?”

“பூசையே செல்லாது.”

நம் பாஷையில் சொன்னால், லீவு லெட்டரை லேட்டாகக் கொடுத்தால் மேனேஜர் திட்டுவார், அவ்வளவுதான். கையெழுத்தே இல்லாவிட்டால் அது லீவு லெட்டரே இல்லை! ஐயாயிரம் பேருக்குப் பகிர்ந்த புதுமையில் இருந்தது வாற்கோதுமை அப்பம். அதுகூடப் பூசைக்கு ஆகாதாம். இயேசு கடைசி இரவுணவில் கையில் எடுத்தது கோதுமை ரொட்டி, அதை மாற்றத் தங்களுக்கு அதிகாரம் இல்லை என்பது திருச்சபையின் கட்சி.

இத்தனைக்கும் பூண்டி, வீரமாமுனிவர் பெயரோடு சேர்த்துப் பேசப்படுகிற கோயில். இத்தாலியில் பிறந்து, பெயரை மாற்றி, காவி கட்டி, பரமார்த்த குரு கதை எழுதி நம்மைச் சிரிக்க வைத்தவர். 1969-ல் இந்தியாவுக்கென்று 12 மாற்றங்களுக்கு ரோம் சம்மதித்தது. கைகூப்பு வந்தது, குத்துவிளக்கு வந்தது, ஆரத்தி வந்தது. 1999-ல் பூண்டிக்கே பசிலிக்கா அந்தஸ்து வந்தது. அரிசி மட்டும் வாசலோடு சரி!

அமெரிக்காவிலும் இதே வழக்கு நடந்தது. 2004-ல் நியூஜெர்சியில் இதே நோயுள்ள 8 வயதுச் சிறுமிக்கு அரிசி அப்பம் கொடுத்தார்கள். அந்த முதல் நற்கருணை செல்லாது என்று மறைமாவட்டம் சொல்லிவிட்டது.

“அப்ப குழந்தைக்கு வழியே இல்லையா ஃபாதர்?” நண்பனின் குரல் கம்மியது.

“யார் சொன்னது? ரெண்டு வழி இருக்கு!” என்றார். க்ளூட்டன் மிகக் குறைவாக உள்ள கோதுமை அப்பம் செல்லும் என்று 2003-ல் ரோம் கடிதம் எழுதியிருக்கிறது. 2017-லும் அதையே சொன்னது. அறவே இல்லாததுதான் கூடாது. அதுவும் உடம்புக்கு ஒத்துவராவிட்டால், பிரிவு 925: திராட்சை ரசம் மட்டும் வாங்கலாம். ஒரு சொட்டிலும் கிறிஸ்து முழுமையாக இருக்கிறார் என்பது அவர்கள் நம்பிக்கை. “ஆனா தனிக் கிண்ணம் வேணும்பா. சாமியார் தன் கிண்ணத்துல அப்பத் துணுக்கைப் போடுவார். மறந்துடாதே!”

நண்பன் டைரியை எடுத்துத் ‘தனிக் கிண்ணம்’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டான்.

சாயங்காலம் அம்மாவிடம் தீர்ப்பைச் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “புள்ள வரிசையில நிக்கும்ல? அது போதும்” என்றார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “சாமிக்குக் கோதுமை, ஆசாமிக்கு அரிசி. அன்னிக்கு வீட்டுல நான் பச்சரிசி அப்பம் சுடப் போறேன். அது செல்லாதுன்னு எவன் சொல்றான்னு பார்க்கறேன்!”