சோம்புக்கு அடியில்

திங்கட்கிழமை, பகல் ஒன்றரை மணி. திண்டுக்கல் காமராஜர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பிரியாணிக் கடை. எட்டு மேஜை. கல்லாவில் முதலாளி. தோளில் துண்டோடு ஒரு சப்ளையர். அவர் கையில் தாளும் இல்லை, பேனாவும் இல்லை.

"மூணுக்கு ரெண்டு மட்டன், ஒரு சுக்கா! அஞ்சுக்கு ஒரு சிக்கன், ரெண்டு முட்டை!"

உள்ளே தேக்சாவின் மூடி திறக்கிறது. சீரக சம்பா வாசம் தெருவரை போகிறது.

நான்காம் மேஜைக்கு பில் வருகிறது. சின்ன எவர்சில்வர் தட்டில் சோம்பு, நாலு கல்கண்டு. நீலச் சட்டைக்காரர் மீதிச் சில்லறையை எடுத்துக்கொள்கிறார். ஒரு பத்து ரூபாய் நாணயத்தை மட்டும் சோம்புக்குள் தள்ளிவிட்டு எழுகிறார். மஞ்சள் விளிம்பு நகக்கண் அளவுக்குத் தெரிகிறது.

சப்ளையர் ஆறாம் மேஜையில் தால்சா ஊற்றுகிறார். கண் ஒரு முறை இந்தப் பக்கம் வந்து போகிறது. ஊற்றும் கை நிற்கவில்லை.

மேஜை துடைப்பவர் தட்டை எடுத்து உதறுகிறார். நாணயம் பொது டப்பாவுக்குள் விழுகிறது. டப்பாவில் ஒரு சின்னத் திண்டுக்கல் பூட்டு.

லண்டன், 2007. ஓர் ஆய்வு. திரையில் ஒரு பவுண்டு நாணயம், அல்லது ஒரு பென்னி. ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் 50 பங்கு நேரம். முன்னும் பின்னும் வேறு படம் வந்து மூடுகிறது. எந்த நாணயம் என்று கேட்கிறார்கள். பார்த்தவருக்குச் சொல்லத் தெரியவில்லை. கையில் ஒரு பிடி இருக்கிறது. பவுண்டு வந்துபோனபோது அது கூடுதலாக அழுந்துகிறது.

எட்டாம் மேஜை. மடியில் மஞ்சப்பையோடு ஒரு பெரியவர். கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளுக்குப் போய்விட்டு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கியவர். பையிலிருந்து ரசீதை எடுக்கிறார், படிக்கிறார், நாலாக மடித்து உள்ளே வைக்கிறார். மறுபடி எடுக்கிறார். குஸ்கா வருகிறது. சாப்பிட்டு முடித்து, காசை எண்ணி வைக்கிறார். சரியாக இருக்கிறது. ஒரு சிட்டிகை சோம்போடு கிளம்புகிறார்.

ஸ்டான்ஃபோர்டு, 2006. இன்னோர் ஆய்வு. படங்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு தொகை. ஞாபகம் வைத்தால் 5 டாலர், அல்லது 10 சென்ட். மறுநாள் கேட்கிறார்கள். 5 டாலர் படங்களே அதிகம் தங்கியிருக்கின்றன. தொகையைக் கண்டதுமே, படம் வருமுன்பே, மூளையின் டோபமைன் பகுதி விழித்துக்கொள்கிறது.

அடுத்த திங்கள். கூட்டம்.

சப்ளையர் நாலு மேஜையின் ஆர்டரை மனதில் ஏந்தி உள்ளே போகிறார். உதடு அசைகிறது. வாசல் மேஜையில் ஒருவர் புது ஐந்நூறு ரூபாய்த் தாளை மேஜைமேல் விரிக்கிறார்.

"நம்மளக் கொஞ்சம் கவனிங்க தம்பி."

உதடு நிற்கிறது. மூன்றாம் மேஜையின் சுக்கா ஏழாம் மேஜைக்குப் போகிறது. ஐந்தாம் மேஜைக்கு எதுவுமே போகவில்லை.

யூட்ரெக்ட், 2011. சில சொற்களை மனதில் வைத்திருக்கச் சொல்கிறார்கள். வைத்திருக்கும்போதே திரையில் பரிசு நாணயம் வருகிறது. கண்ணுக்குப் பிடிபடாமல் மின்னிப்போன பெருமதிப்பு நாணயம் சொற்களைக் காக்கிறது. நன்றாகத் தெரியும்படி நின்ற பெருமதிப்பு நாணயம் சொற்களைக் கலைக்கிறது.

நீலச் சட்டைக்காரர் வருகிறார். இன்று வெள்ளைச் சட்டை. சப்ளையர் மேஜையை இரண்டு முறை துடைக்கிறார். கேட்காமலே தயிர் வெங்காயம் வருகிறது. ஓரத்தில் ஒரு துண்டு எலுமிச்சை.

"தெரிஞ்சவரா?" முதலாளி கேட்கிறார்.

"இல்லண்ணே. புதுசு."

எட்டாம் மேஜை. அதே மஞ்சப்பை, மடியில். அதே இடம். சப்ளையர் இரண்டு முறை கடந்து போகிறார். பெரியவர் கையைப் பாதி உயர்த்தி இறக்கிக்கொள்கிறார். மூன்றாம் முறை சப்ளையர் நிற்கிறார். பார்வை முகத்தில் படிந்து, சுவரில் இருக்கும் விலைப்பலகைக்குப் போகிறது.

"என்ன சாப்பிடுறீங்க பெரியவரே?"

"குஸ்கா."